எங்க வீட்டு டாக்டரம்மா

என் மகளுக்கு மூன்று வயது நடந்தபோது, 2010 விஜயதசமியன்று பூந்தோட்டம் பக்கத்திலுள்ள கூத்தனூர் சரஸ்வதி கோயிலுக்கு அழைத்துப் போனோம். தாம்பாளத்தில் நெல்லைப் பரப்பி, என் கணவர் அவள் விரலைப் பிடித்து 'அ' எழுத வைத்தார். அவளோ ஒரு கை நெல்லை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். "நெல்லுக்கும் உனக்கும் இன்னியோட சரி. நீ டாக்டராகணும்" என்றார். அன்று முதல் வீட்டில் அவள் 'டாக்டரம்மா'தான். பால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்களுக்கு ஒன்பது மா நிலம். அறுவடைக்கு நின்ற சம்பா மழையில் சாய்ந்து, கதிரிலேயே முளைவிட்டதைப் பார்த்து வரப்பில் உட்கார்ந்து அழுத மனுஷர் அவர். மகளை அந்தச் சேற்றிலிருந்து தூக்கிவிடணும் என்று நினைப்பது தப்பா?

பிளஸ் டூ முடித்து, 2024-ல் நீட் எழுதினாள். மார்க் போதவில்லை. இன்னொரு வருஷம் கோச்சிங் போகட்டும் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, "விவசாயக் காலேஜ்ல சேரப் போறேன்மா" என்றாள். வீட்டில் இரண்டு நாள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் ஒரு நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். எம்.எஸ்.சுவாமிநாதன் 2023 செப்டம்பரில் மறைந்தபோது பேப்பரில் வந்ததையெல்லாம் வெட்டி ஒட்டி வைத்திருந்தாள். எனக்கே அப்போதுதான் முழுக்கதையும் தெரிந்தது. நம்ம கும்பகோணத்தில் 1925-ல் பிறந்தவர். அப்பா பெரிய சர்ஜன். இவருக்குப் பதினோரு வயதிருக்கும்போது அப்பா தவறிவிட்டார். பிள்ளையும் டாக்டராகி அந்த இடத்தை நிரப்புவான் என்றுதான் குடும்பம் காத்திருந்ததாம். 1943-ல் வங்காளத்தில் பஞ்சம். லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். அதைக் கேட்டுத்தான் அவர் மனசு மாறி, கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரியில் சேர்ந்தார். நடுவில் ஐ.பி.எஸ். வேலைக்குக்கூடத் தேர்வானவர், அதையும் விட்டுவிட்டுப் பயிர் ஆராய்ச்சிக்கு நெதர்லாந்து போனார். (அந்த வீட்டில் ஆசைப்பட்ட டாக்டர் அடுத்த தலைமுறையில் வந்தார். மகள் சௌம்யா குழந்தை மருத்துவம் படித்து, உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை விஞ்ஞானியாகவே இருந்தார்!)

என் கணவர் பொறுமையாகக் கேட்டார். "அவங்க வசதியான வீடு. தோத்தாலும் தாங்கிக்க ஆளுண்டு. நம்மகிட்ட என்ன இருக்கு?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

ஆனாலும் கையெழுத்துப் போட்டார். நீட் மார்க் கேட்காமல், பிளஸ் டூ மார்க்கை வைத்தே ஈச்சங்கோட்டை வேளாண் கல்லூரியில் இடம் கிடைத்தது. நம்ம தஞ்சாவூர் ஜில்லாதான். இவர் சொந்தக்காரர்களிடம் "காலேஜ்ல படிக்கிறா" என்பார். எந்தக் காலேஜ் என்று கேட்டால் தண்ணீர் பாய்ச்சக் கிளம்பிவிடுவார்.

போன குறுவையில் நட்ட பயிர் எழும்பாமல் நின்றது. இவர் யூரியா மூட்டையைப் பிரித்துவிட்டார். லீவுக்கு வந்திருந்த மகள் ஒரு தூரைப் பிடுங்கி, அடி இலையில் துருப்பிடித்த மாதிரி இருந்த புள்ளிகளைக் காட்டி, "யூரியா வேணாம்ப்பா. துத்தநாகச் சத்துதான் குறையுது. ஏக்கருக்குப் பத்துக் கிலோ ஜிங்க் சல்பேட்டை மணல்ல கலந்து தூவுங்க" என்றாள். இவர் ஒன்றும் பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் வாங்கி வந்தார். நான் பார்க்காத நேரத்தில் யூரியாவும் ஒரு கை வீசியிருப்பார், அது வேறு விஷயம். பத்து நாளில் பயிர் கறுகறுவென்று திரும்பியது. சாயங்காலம் டீக்கடையில், "எம்பொண்ணு ஈச்சங்கோட்டையில படிக்குதுல்ல..." என்று ஆரம்பித்தாராம். பால்காரர் வந்து சொன்னார்.

வருகிற விஜயதசமிக்கு என் கொழுந்தனார் மகனைக் கூத்தனூருக்குக் கூட்டிப் போகிறோம். பயலுக்கு இன்னும் பேச்சே திருந்தவில்லை. அதற்குள் என் மாமியார் அவனை "கலெக்டர் சார்" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்!