மரத்துக்கு மூன்றரை ரூபாய்

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறியது கஜா புயல். முன்னெச்சரிக்கை விஷயத்தில் அரசை எதிர்க்கட்சிகள்கூடப் பாராட்டின. கடலோரத்து ஜனங்களை முன்கூட்டியே முகாம்களுக்குக் கொண்டுபோனதால் தப்பிய உயிர்கள் ஏராளம். ஆனால் பொழுது விடிந்து பார்த்தால் பட்டுக்கோட்டை, பேராவூரணித் தோப்புகளில் தென்னைகள் வேரோடு சாய்ந்தும் பாதியில் முறிந்தும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. சாய்ந்த மின்கம்பங்கள் மட்டுமே ஒரு லட்சத்துக்கும் மேல்.

நெல் போனால் அடுத்த பட்டத்தில் விதைத்துக்கொள்ளலாம். நெட்டைத் தென்னங்கன்று பாளை விடவே ஆறேழு வருஷம் ஆகும். 45 நாளுக்கு ஒரு வெட்டு என்று வந்துகொண்டிருந்த காசில்தான் பிள்ளைகளின் படிப்பும் நகைக்கடன் வட்டியும் ஓடின. அந்த இடைப்பட்ட வருஷங்களை எதை வைத்து ஓட்டுவது?

மரத்துக்கு 1,100 ரூபாய் அறிவித்தார்கள். நிவாரணம் 600, விழுந்ததை அறுத்து அப்புறப்படுத்த 500. அறுப்பு மெஷின், ஜே.சி.பி., ஆள்கூலி போக மிஞ்சியது என்ன என்று தோப்புக்காரரைத்தான் கேட்க வேண்டும். அவரிடமாவது சிட்டா, அடங்கல் இருந்தது. கீற்று முடைந்த பெண்கள், காய் உரித்தவர், மரமேறியவர் பெயரெல்லாம் எந்த அடங்கலில் இருக்கிறது?

தென்னைக்கென்று தனிக் காப்பீடே உண்டு. தென்னை வளர்ச்சி வாரியத்தின் திட்டம். கஜா அடித்த காலத்துக் கணக்குப்படி, 16 வயதான மரத்துக்கு வருஷப் பிரீமியம் 14 ரூபாய். பாதியை வாரியமும் கால்பங்கை மாநில அரசும் கட்டிவிடும். விவசாயி பங்கு மூன்றரை ரூபாய். மரம் போனால் 1,750 கிடைக்கும். நூறு மரத்துக்கு 350 ரூபாய் என்பது தோப்புக்காரருக்குப் பெரிய தொகையா என்ன? எடுத்துச் சொல்லிக் கட்டவைக்க ஊருக்குள் ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். பேரிடர்ப் பயிற்சியிலேயே இதையும் சொல்லித்தரலாம்; நாமோ கயிறு கட்டி இறங்கிக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால், அக்டோபர் 2-ல், ஊர்தோறும் கிராமசபை கூடுகிறது. முகாம் சாவி யாரிடம், ஜெனரேட்டர் ஓடுகிறதா, மரம் அறுக்கும் மெஷினுக்கு யாரைக் கூப்பிடுவது என்று அங்கேயே பேசி முடிக்கலாம். யார் தோப்புக்குப் பிரீமியம் கட்டியாயிற்று, யாருக்குப் பாக்கி என்பதையும் வாசிக்கலாம். கீற்று முடைகிறவர்கள், மரமேறுகிறவர்கள் பட்டியலையும் அன்றைக்கே எழுதித் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிவிட்டால், நிவாரணம் வருகிறபோது அவர்கள் தாலுகா ஆபீஸ் வாசலில் சாட்சிக்கு ஆள் தேட வேண்டியிருக்காது.