தலைவரை ஆக்கிய சட்டவகுப்பு

தலைமை பிறவிக் குணமோ, பயிற்சியாற் பெறப்படுவதோ என்னும் வினா ஆசிரியருலகிற் பழையது. இதனை ஆராய விழைவோர் வாஷிங்டன் நகரிலுள்ள ஹவார்ட் பல்கலைக்கழகச் சட்டப்பள்ளியின் வரலாற்றை நோக்குதல் தகும்.

இனங்களைப் பிரித்துவைத்தாலும் வசதிகள் சமமாயிருப்பின் அரசியலமைப்புக்கு மாறாகாது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1896 ஆம் ஆண்டிலே தீர்ப்பளித்தது. பிரிவு நிலைத்தது; சமமோ ஏட்டளவில் நின்றது. தென்மாநிலங்களிற் கறுப்பினத்தவர்க்கு ஆரம்ப பாடசாலைகளேனும் இருந்தன. சட்டமோ மேற்பட்டமோ பயிலுதற்குப் பெரும்பாலான அம்மாநிலங்களில் அவர்க்கு இடமே இல்லை. இல்லாத ஒன்றைச் சமமெனச் சாதித்தல் எங்ஙனம்? இவ்விடத்தையே முதலிற் குறிவைத்தவர் சாள்ஸ் ஹமில்டன் ஹூஸ்டன் என்னும் கறுப்பின அறிஞர்.

ஹார்வார்டிற் சட்டம் பயின்ற அவர் 1929 இல் ஹவார்ட் சட்டப்பள்ளியின் உப பீடாதிபதியானார். மாலை வகுப்பை நிறுத்தி முழுநேரப் பகல் வகுப்பை அமைத்தார். பகலில் உழைத்து இரவிற் படித்த ஏழைகட்கு இதனால் வாயில் அடைபட்டது. தொழில் பார்த்துக்கொண்டே வெளிவாரிப் பட்டம் பெற்ற என்போன்றார்க்கு இச்செயலை முழுமனத்தோடு பாராட்டுதல் எளிதன்று. எனினும், 1931 இல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் அங்கீகாரம் கிட்டியமைக்கு இச்சீர்திருத்தமே வழிவகுத்தது. வழக்கறிஞன் சமூகத்தைச் செப்பனிடும் பொறியியலாளனாதல் வேண்டும் என்பது ஹூஸ்டனின் கொள்கை.

பால்டிமோரிலிருந்து புகைவண்டியில் வந்து பயின்ற தர்குட் மார்ஷல் 1933 இல் முதன்மையாகத் தேறினார். அவரது ஊரிலிருந்த மேரிலாந்துச் சட்டப்பள்ளி அக்காலத்திற் கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை. ஈராண்டில் ஆசானும் மாணாக்கனும் ஒருங்கே நின்று வழக்காடி அதன் கதவைத் திறப்பித்தனர்.

யான் விரிவாகக் கூற விரும்புவது ஒக்லஹோமா வழக்கே. கல்வியியலில் கலாநிதிப் பட்டம் நாடிய மக்லாரின் என்னும் முதிய ஆசிரியரைப் பல்கலைக்கழகம் 1948 இற் சேர்த்தது. ஆயினும், வகுப்பை அடுத்த சிற்றறையிலே அவர்க்கு ஆசனம், நூலகத்திலே தனிமேசை, உணவுச்சாலையிலும் தனிமேசை. பாடம் செவியில் விழுந்தால் அது கல்வியாகுமா? ஆகாது என 1950 ஜூன் 5 இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்த்தது. சக மாணவரோடு உரையாடிக் கருத்துப் பரிமாறுதலும் கல்வியின் கூறே. பிறரைப் பயிற்றும் தலைவராகப் போகும் ஒருவரது கல்வி குன்றின், அவர்பாற் பயில்வோரது கல்வியும் குன்றும் என்பது நீதியரசர்தம் கருத்து. நம் தொழிலின் பொறுப்பை இதனினும் தெளிவாக உரைத்தார் உளரோ அறியேன்.

இத்தீர்ப்பைக் காண ஹூஸ்டன் உயிரோடில்லை. ஏறக்குறைய ஆறு வாரங்கட்கு முன், ஏப்ரில் 22 இல் மறைந்தார். பள்ளிகளில் இனப்பிரிவினையை ஒழித்த 1954 ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குக் காரணமான வழக்கில் வாதிடுமுன், மார்ஷல் தம் வாதங்களை ஹவார்டிலேயே ஒத்திகை பார்த்தார். அங்கே அவரை மடக்கி வினாத் தொடுத்தோருள் மாணவரும் இருந்தனர்.