வழிநடைத் துன்பமும் நன்றியுணர்வும்



நெடுவழி நடப்போருக்கு நேரும் துன்பங்கள் இருவகைப்படும். ஒன்று உயிருக்கே ஊறு செய்யும் பெருந்துன்பம். மற்றொன்று செருப்பின் வார் அறுதல், காலிற் கொப்புளம் எழுதல், வழி தவறுதல், எதிர்பாராத மழையில் மூட்டை நனைதல் போன்ற சிறு இடையூறு. பின்னதைப் பற்றியே இன்று பேசக் கருதுகின்றேன். வீட்டிலிருந்து எண்ணும்போது இவை வெறும் தொல்லைகளாகவே தோன்றும். ஆயினும் நெடுந்தூரம் நடந்து மீண்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் நன்றியோடு நினைவுகூர்வன பெரும்பாலும் இத்தொல்லைகள் நேர்ந்த இடங்களையே. இது எவ்வாறு நிகழ்கின்றது?

இதனை ஆராய்வதற்கு நானாட்டான் பொருத்தமான இடம். முருங்கனிலிருந்து சிலாவத்துறைக்குச் செல்லும் சாலையில், வயல்கள் சூழ அமைந்த ஊர் இது. மருத மரங்கள் நிழல் செய்யும் அருவியாறு இப்பகுதியைத் தொட்டே அரிப்புக் கரையில் கடலோடு கலக்கின்றது. யூலை 2ஆம் நாளும் ஓகஸ்ட் 15ஆம் நாளும் நடைபெறும் மடுத் திருவிழாக்களுக்கு, பேருந்து வசதி பெருகிய இக்காலத்தும் கால்நடையாகச் செல்வோர் உளர். மடுத் திருத்தலத்தின் வரலாறே ஒரு நடைப்பயணத்தில் தொடங்குவதுதான். ஒல்லாந்தர் காலத்தில், 1670ஆம் ஆண்டளவில், மாந்தையிலிருந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் அன்னையின் திருச்சொரூபத்தைச் சுமந்துகொண்டு காடு புகுந்தன என்பது வரலாறு. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, உகந்தை வழியாகக் கதிர்காமம் வரை செல்லும் பாதயாத்திரையையும் நேயர்கள் அறிவீர்கள். வழி நடத்தல் நம் மக்களின் சமயங்கள் அனைத்திற்கும் பொதுவான ஒரு பயிற்சி.

ஆயினும் இன்று நான் எடுத்துக்காட்டாகக் கொள்வது யாத்திரிகர் ஒருவரை அன்று. தப்பியோடிய கைதி ஒருவரை. அவர் பெயர் றொபேட் நொக்ஸ். 1660ஆம் ஆண்டு திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் தந்தையோடு பிடிபட்டு, கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் நாட்டிற் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிருந்த ஆங்கிலேயர் இவர். தந்தையார் அங்கேயே இறந்தார். மகனோ தொப்பி பின்னியும் சிறு வணிகம் செய்தும் உயிர் வாழ்ந்தார். 1679ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், ஸ்ரீபன் றட்லண்ட் என்னும் தோழரோடு, ஊர் ஊராகப் பண்டம் விற்பவர் போல நடித்து, அவர் வடக்கு நோக்கி நடக்கத் தொடங்கினார்.

அந்நடையில் நேர்ந்த இடையூறுகளை நோக்குவோம். வழி, ஓர் அதிகாரியின் மாளிகை முற்றத்தினூடே சென்றது. "உலர்ந்த மான் இறைச்சி வாங்க வந்தோம்" என்று நொக்ஸ் சொல்லிச் சமாளித்தார். அவ்வாண்டு கடும் வறட்சி, இறைச்சி கிடைக்கவில்லை. வணிகனாயின் இதனை நட்டம் என்றே கொள்வான். ஆனால் இறைச்சி இல்லை என்ற அக்குறையே, "அப்படியாயின் அனுராதபுரம் சென்று பார்க்கின்றோம்" என்று சொல்லி மேலே செல்வதற்கு வாயிலாயிற்று. அனுராதபுரத்திலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் வழியிற் காவல் இருந்தமையால் அதனைக் கைவிட நேர்ந்தது. அதனாலேயே அவர்கள் சிங்களத்தில் மல்வத்து ஓயா எனப்படும் நம் அருவியாற்றின் பக்கம் திரும்பினர். கரையோரக் காடு முள்ளடர்ந்து நுழைய இடந்தரவில்லை. ஆகவே ஆற்றுமணலிலே நடந்தனர். ஆறோ வளைந்து வளைந்து சென்று நடையை நீட்டியது. ஆயினும் வழிகாட்டி ஒருவருமின்றிக் கடலைத் தேடுவோர்க்கு அதனினும் பிழையாத வழிகாட்டி வேறு ஏது? இரவில் விலங்குகளுக்கு அஞ்சித் தீ மூட்டினர். யானை குறுக்கிட்டபோது காத்திருந்தனர். கடற்கரை நாட்டை அணுகியபோது, மரத்தடியிற் சோறாக்கிக்கொண்டிருந்த தமிழர் தம் உணவிற் பங்கு கொடுத்து, முன்னுள்ள ஆபத்தையும் எடுத்துரைத்தனர். 1679ஆம் ஆண்டு ஒக்டோபர் 18ஆம் நாள், சனிக்கிழமை பிற்பகல், இருவரும் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தனர். 1681இல் இலண்டனில் வெளிவந்த தம் நூலில், அந்நாளைத் தாம் ஒருபோதும் மறவாதிருக்க இறைவன் அருள்செய்ய வேண்டும் என்று நொக்ஸ் வேண்டிக்கொள்கின்றார்.

இங்கே ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். நடந்துகொண்டிருந்தபோது வறட்சி வறட்சியாகவே இருந்தது. முள் முள்ளாகவே குத்தியது. அவற்றின் பயன் விளங்கியது வழி முடிந்த பின்னரே. ஆதலின், "எல்லாம் நன்மைக்கே" என்று முன்கூட்டியே சொல்லித் திரிவது நன்றியுணர்வு ஆகாது. அது சோம்பலுக்கும் இடமாகலாம். நடந்ததைத் திரும்பிப் பார்த்து, எது எதற்கு உதவியது, யார் கைகொடுத்தார் என்று கணக்கெடுப்பதே நன்றி. திருக்குறளில் அதற்கென அமைந்த அதிகாரத்திற்குச் செய்ந்நன்றி அறிதல் என்று பெயர். 'அறிதல்' என்ற சொல்லைக் கவனியுங்கள். நன்றி வெறும் உணர்ச்சி அன்று. அஃது ஓர் அறிவு.

காலிற் கொப்புளத்தையே எடுத்துக்கொள்வோம். ஓயாத உராய்வினால் மேற்றோலின் அடுக்குகள் பிரிகின்றன. இடையே நீர் ஊறுகின்றது. ஈரமான காலில் இது விரைவில் உண்டாகும். உடையாத அக்கொப்புளத்தோல், அடியிலுள்ள இளந்தோலைக் கிருமி அணுகாமற் காக்கும் இயற்கைக் கட்டாகும். ஆகவேதான் அதனை வீணே கிழிக்கலாகாது என்கின்றனர் மருத்துவர். வலி, "சற்று நில், காலை உலர்த்து, செருப்பைச் சரிசெய்" என்று உடல் விடுக்கும் அறிவிப்பு. நின்றவன் நிழலைக் காண்கிறான். நிழலில் ஒருவரைக் காண்கிறான். அவர் ஒரு செம்பு தண்ணீர் நீட்டுகிறார். தடையின்றி நடந்திருந்தால் அவ்வீட்டைக் கடந்தே போயிருப்பான்.

நம் முன்னோர் இவ்வுண்மையைக் கல்லிலே நிலைநாட்டினர். தெருவோரங்களிற் சுமைதாங்கிகளைக் கண்டிருப்பீர்கள். தலைச்சுமையோடு தனியே வருபவர், பிறர் துணையின்றிச் சுமையை இறக்கவும் ஏற்றவும் தக்க உயரத்தில் அவை அமைந்துள்ளன. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அவற்றை நிறுவுவது வழக்கம். ஒரு குடும்பத்தின் ஆறாத்துயர், முகமறியாத வழிப்போக்கரின் தோளுக்கு ஆறுதலாயிற்று. மடமும் கேணியும் தண்ணீர்ப்பந்தலும் இவ்வாறு எழுந்தனவே. களைப்பு என்ற ஒன்று இல்லாதிருப்பின் இவற்றின் அருமையை நாம் அறிந்திருக்கமாட்டோம்.

இக்கால உளவியலாரும் இதனைச் சோதித்துள்ளனர். 2003ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர் எமன்ஸ், மக்கலொ என்பார் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அதில் மாணவருள் ஒரு பிரிவினர் பத்து வாரங்கள், வாரந்தோறும் நன்றிக்குரியனவற்றை எழுதினர். மற்றொரு பிரிவினர் தமக்கு நேர்ந்த தொல்லைகளை எழுதினர். நன்றியை எழுதியோர் தம் வாழ்வைப் பற்றி மிக்க நிறைவு கொண்டிருந்ததோடு, உடற்குறைகளையும் குறைவாகவே கூறினர். பின்வந்த ஆய்வுகள் யாவும் இத்துணைப் பயனைக் காட்டவில்லை எனினும், மனம் எதனைக் குறித்து வைக்கின்றதோ அதனையே மிகுதியாகக் காணும் என்பது நம் அனுபவத்திற்கும் ஒத்ததே.

நிற்க, இதற்கோர் எல்லையும் உண்டு. மன்னார் மண்ணிலிருந்து மக்கள் விரும்பி மட்டும் நடக்கவில்லை. 1990 ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோதும், 2007ஆம் ஆண்டு முதல் 2009ஆம் ஆண்டு வரை போர் துரத்தியபோதும், கையிற் கிடைத்ததோடு ஊரை விட்டுச் சென்றவர்கள் பல்லாயிரவர். அத்தகையோரிடம் சென்று "நன்றியோடிருங்கள்" என்று உபதேசிப்பது அறமாகாது. பிறர் இழைத்த அநீதி சிறு இடையூறும் அன்று. அதற்குரிய மருந்து நீதியே. நன்றி நாமே உணர்ந்து சொல்வது, பிறர்மேற் சுமத்துவதன்று. எனினும் அவ்வழியிற் கஞ்சி வார்த்தவரை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உடன் நடந்தவரை, அவர்களே பெயர் சொல்லி நினைவுகூர்வதை நாம் கேட்டிருக்கின்றோம். அந்நினைவு துயரை மறைப்பதன்று. துயரிடையேயும் மனிதர் மனிதராக நின்றமைக்குச் சான்று.

ஆகவே, நெடுவழி செல்லும் நேயர்களே, தங்குமிடம் சேர்ந்த மாலையில் மூன்று வினாக்களை உங்களிடமே கேட்டுப் பாருங்கள். இன்று என்னைத் தடுத்தது எது? அப்போது எனக்கு உதவியவர் யார்? அவ்வுதவியை நாளை நான் யாருக்குச் செய்யலாம்? மூன்றாம் வினாவே தலையாயது. ஏனெனில், வழியில் நீர் தந்தவரை நாம் மீண்டும் காண்பது அரிது. அவருக்குரிய நன்றியை, நம் வாயிலில் வந்து நிற்கும் அடுத்த வழிப்போக்கரிடமே செலுத்துதல் வேண்டும்.