சாரையா, நாகமா?

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பர் நம் முன்னோர். அந்நடுக்கத்தில் நாம் தடியெடுத்துக் கொல்பவற்றுள் நஞ்சற்றவை பல. தென் அந்தமானில், பெரார்கஞ்ச் வட்டாரத்தில் நெல்லும் தென்னையும் பாக்கும் பயிரிட்டு வாழும் நம் குடும்பத்தார் இதனைச் சற்றுச் சிந்தித்தல் வேண்டும்.

வயலில் மிகுதியும் ஐயம் எழுப்புவது சாரை. ஆறடிக்கு மேலும் வளரும். பகலில் இரை தேடும். கண்கள் பெரியவை, கருமணி வட்டமானது. உதட்டுச் செதில்களின் ஓரத்தில் கறுப்புக் கோடுகள் காணப்படும். உடலின் பின்பகுதியில் கரும்பட்டைகள் தெரியும். சினந்தால் கழுத்தைப் பக்கவாட்டில் ஒடுக்கி உறுமுமேயன்றிப் படம் விரிக்காது. ஆயினும் படம் காணவில்லை என்பது கொண்டே சாரையென்று துணிதல் கூடாது. நாகமும் அஞ்சாத வேளையில் படத்தை அடக்கியே செல்லும்.

நாகமும் சாரையும் பிணையும் என்பதும், சாரையின் வாலில் நஞ்சுண்டு என்பதும் வெறுங்கதைகள். முறுக்கிப் பின்னிக்கொண்டு எழுபவை பெரும்பாலும் வலிமை காட்டிப் பொருதும் இரு ஆண் சாரைகளே.

தாயகத்தில் கற்ற பாம்பறிவு தீவுகளில் முழுதும் உதவாது. கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் அங்கில்லை. அந்தமான் நாகமும் அந்தமான் கட்டுவிரியனும் அத்தீவுகளுக்கே உரியவை, இராஜநாகமும் உண்டு. நம் நாட்டு நஞ்சுமுறி மருந்தோ தாயகத்து நாகம், கட்டுவிரியன், இரு விரியன்கள் ஆகிய நான்கின் நஞ்சைக் கொண்டே செய்யப்படுகிறது. ஆதலின் அங்கே கடிபடாமல் காத்தலே முதல் மருந்து.

இனிச் சாரையைக் கொல்வதால் நேரும் இழப்பைக் கருதுவோம். சரக்குக் கொட்டகையில் எலி கடித்த மூட்டைகளுக்குக் குறிப்பெழுதிப் பழகிய நாம், எலியின் வேலையை நன்கறிவோம். மூட்டை போவதோடு அது நிற்பதில்லை. 1980களின் இறுதியில் அந்தமானில் பரவி உயிர்களைக் கொண்ட இரத்தப்போக்குக் காய்ச்சல், எலிக்காய்ச்சலே என்று 1990களில் கண்டறியப்பட்டது. எலியின் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலும் நின்று உழைப்போரை அந்நோய் பற்றும். அவ்வெலியை வளையருகே சென்று பிடித்துண்ணும் காவலாளி சாரை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதற்குக் காப்பளிக்கிறது.

எனவே அன்பர்களே, இனம் தெரியாத பாம்பை எட்ட நின்றே பாருங்கள், கையால் தொடாதீர்கள். வழிவிட்டால் அது தானே அகலும். வீட்டினுள் புகுந்தால் வனத்துறையினர்க்குத் தெரிவியுங்கள். கடி நேரின், சாரைதான் என்று உறுதி சொல்லிக் காலங்கடத்த வேண்டா. கீறுதல், உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல் யாவும் தீங்கே. கடியுண்ட உறுப்பை அசையாமல் வைத்து, உடனே மருத்துவமனை சேருங்கள். போர்ட் பிளேயரில், 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய அந்நகரில், கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை இருக்கிறது.

ஐயமுள்ளபோது நஞ்சுள்ளதெனக் கொண்டு விலகுவது அறிவு; நஞ்சற்றதென அறிந்தபின் வாழவிடுவது அறம்.