அறையைவிடக் குளிர்ந்த செயலி

சென்ற கோடையில் ஒரு பிற்பகல், ஆரணிப் பட்டுச் சேலைகளுக்குக் கரையும் முந்தியும் கணிப்பொறியில் வரைந்து கொடுக்கும் குடும்பத்து மாணவி ஒருத்தி என்னிடம் வந்தாள். "சார், சுவரிலுள்ள வெப்பமானியில் 37 டிகிரி. கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது, அதன் செயலி 31 டிகிரி என்று திரையில் வருகிறது. ஆனால் பெரிய டிசைனைத் திறந்தால் மதியத்தில் ஆமை வேகம்தான். அண்ணன் வேறு கம்ப்யூட்டர் வாங்கலாமா என்கிறான்."

வெப்பம் தானாகச் சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குத்தான் பாயும் என்று நீங்கள் படித்திருக்கிறீர்கள். அறைக் காற்றால் குளிர்விக்கப்படும் செயலி, அந்தக் காற்றைவிடக் குளிர்ந்திருக்க முடியாது. ஆகவே எண்தான் தவறு. அது எப்படித் திரைக்கு வருகிறது என்று பார்ப்போம்.

செயலியின் சிலிக்கானுக்குள் டையோடு போன்ற ஓர் உணரி உண்டு. அதில் மாறாத மின்னோட்டம் பாயும்போது, வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் ஏறினால் மின்னழுத்தம் ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் இறங்கும். இதைச் சில்லு ஓர் எண்ணாக மாற்றி, ரெஜிஸ்டர் என்னும் பதிவகத்தில் வைக்கிறது.

இண்டெல் செயலிகளில் அந்த எண் வெப்பநிலை அன்று! தாங்கக்கூடிய எல்லைக்கு எத்தனை டிகிரி கீழே இருக்கிறோம் என்பதே அது. பட்டுக்குச் சாயமேற்றுபவரும் தொட்டி கொதித்துவிடாமல்தானே பார்த்துக்கொள்கிறார்? கொதிக்க இன்னும் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் அவர் கவலை.

அந்தப் பதிவகத்தைச் சாதாரண நிரல்கள் தொட முடியாது. இயக்க முறைமையின் மையப் பகுதிக்கே அந்த உரிமை. லினக்ஸில் 'கோர்டெம்ப்' என்னும் டிவைஸ் டிரைவர் இந்த வேலையைச் செய்கிறது. எல்லை 100, பதிவகத்தில் 42 என்றால், 100-லிருந்து 42-ஐக் கழித்து 58 என்கிறது. கோப்பில் 58000 என்று எழுதும், மில்லிடிகிரிக் கணக்கு. தசமப் புள்ளி இல்லாமல் முழு எண்ணிலேயே வேலையை முடிக்கும் வழி இது.

2006-ல் வந்த கோர் 2 வரிசையின் பல சில்லுகள் தம் எல்லையைச் சொல்லவில்லை. டிரைவர் சில்லின் மாதிரியைப் பார்த்து 100 என்றோ 85 என்றோ ஊகித்தது. ஊகம் பிசகினால் 15 டிகிரி தவறு! 2008 இறுதியில் வந்த தலைமுறை முதல் எல்லையும் ஒரு பதிவகத்தில் கிடைக்கிறது. மாணவியின் கணிப்பொறி அதற்குப் பிந்தியது. எனவே இந்தக் குற்றம் அங்கே இல்லை.

மிஞ்சுவது உணரி. எல்லைக்கு அருகில் சரியாகக் காட்டும்படிதான் அதை அமைத்திருக்கிறார்கள். எல்லையிலிருந்து விலக விலகப் பிழை வளரும். அந்த 31-ஐப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

"டிசைனை ஓடவிட்டுப் பார்" என்றேன். மறுநாள் முகம் வாடி வந்தாள். சில நிமிடங்களில் எண் 100-ஐத் தொட்டு அங்கேயே நின்றதாம். எல்லையைத் தொட்டதும் சில்லு டிரைவரைக் கேட்காமல் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறிச் சூடேறினால் மின்சாரத்தையே நிறுத்திவிடும். மதியத்து மந்தத்துக்குக் காரணம் புரிந்ததா? அதே வேலைக்குச் செயலி அறையைவிட ஏறும் அளவு ஏறத்தாழ ஒன்றே. அறை 10 டிகிரி சூடானால் செயலியும் அவ்வளவு சூடாகும்.

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, அண்ணனும் தங்கையும் பெட்டியைத் திறந்தார்கள். விசிறிக்கும் உலோகத் தகடுகளுக்கும் நடுவே தூசியும் பட்டு இழைத் துணுக்கும் கம்பளிபோல் அடைத்திருந்தன. தூரிகையால் சுத்தம் செய்து அதே டிசைனை மறுபடி ஓடவிட்டபோது, எண் 83-ல் நின்றது. சும்மா இருக்கும்போது இப்போது 29 காட்டுகிறதாம்.