உயரத்தில் வேலை: விபத்தும் தடுப்பும்

பெங்களூரிலுள்ள ஸ்ரீராம்புரம், தமிழ் பேசும் உழைப்பாளர் குடும்பங்கள் மிகுதியாக வாழும் பகுதியாகும். இங்கு தூண்களின் மேல் அமைந்த மெட்ரோ ரயில் நிலையம் 2014 மார்ச் மாதத்தில் திறக்கப்பட்டது. இத்தகைய பெரும் பணியாயினும், குறுகிய தெருவில் மாடி எழுப்பும் சிறு பணியாயினும், சாரத்தின் மீது நிற்கும் கொத்தனாரையும் சித்தாளையும் எதிர்நோக்கும் முதன்மையான இடர், கீழே விழுதலே எனலாம்.

3 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் ஒரு வினாடிக்கும் குறைவான நேரத்தில் தரையை அடைகிறார். அப்போது அவரது வேகம் மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர். காலூன்றி விழுந்தால் குதிகால் எலும்பும் முதுகெலும்பும் முறியக்கூடும். தலை மோதினால் உயிருக்கே ஆபத்து. தண்டுவடம் சிதைந்தால் கால்கள் செயலிழக்கும். படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும் தொடரும். கூலி நின்ற குடும்பம் கடனில் ஆழும்.

இவ்விபத்துகளுக்குத் தொழிலாளியின் கவனக்குறைவையே காரணமாகக் கூறுவது வழக்கம். ஆயினும் இறுகக் கட்டப்படாத சாரப் பலகை, தடுப்பில்லாத தள விளிம்பு, மூடப்படாத மின்தூக்கிக் குழி ஆகியவை முன்னரே காணத்தக்க குறைகளாகும். விளிம்பில் தடுப்புக் கம்பி அமைப்பது முதற்கடமை, இயலாதவிடத்து வலை, அதுவும் இயலாதவிடத்தே பாதுகாப்புப் பெல்ட். உறுதியான பிடிமானத்தில் கொக்கி மாட்டப்படாத பெல்ட்டினால் பயனில்லை.

கட்டடத் தொழிலாளர் பாதுகாப்புக்கென 1996இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு மாற்றாக, பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் பற்றிய 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. பத்துக்கும் குறைவான தொழிலாளர் ஈடுபடும் கட்டுமானப் பணிகளும், 50 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத செலவில் ஒருவர் தமக்கெனக் கட்டும் குடியிருப்பும் அதன் கட்டுமானப் பணி வரையறைக்குள் அடங்கா. சிறு தெருக்களில் எழும் வீடுகள் பலவும் இத்தகையனவே. சட்டத்தின் கை எட்டாத இவ்விடங்களிலும் உயரம் ஒன்றே, தரையும் ஒன்றே.

ஒப்பந்தத் தொகை குறையும்போது மேஸ்திரி முதலில் சுருக்குவது சாரச் செலவையே. எனவே சாரம், தடுப்புக் கம்பி, வலை ஆகியவற்றை மதிப்பீட்டில் தனி இனமாகக் காட்டுதல் வேண்டும். கட்டட வரைபடத்திற்கு அனுமதி வழங்கும் உள்ளாட்சி அமைப்புகள் இதனை ஒரு நிபந்தனையாக்கலாம். சிமெண்டுக்கும் கம்பிக்கும் கணக்குப் பார்க்கும் வீட்டுக்காரர், அவ்வீட்டைக் கட்டுவோரின் உயிர்க்காப்புக்கும் அதே தாளில் ஒரு வரி ஒதுக்குதல் இன்றியமையாததாகும்.