அவை ஏறிய மகளிர்

அதியமான் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையாரைப் புறநானூறு நமக்குக் காட்டுகின்றது. போர் மூளும் வேளையில் அரசவையில் நின்று பேசியவர் அப்பெருமாட்டி. அம்மரபில் வந்த நாம், போர் ஓய்ந்தபின் அமையும் ஆட்சியில் மகளிர்க்கு எத்துணை இடம் அளித்துள்ளோம்? ஊவா மலைநாட்டை முன்வைத்து இவ்வினாவை எண்ணிப் பார்த்தல் தகும்.

1931ஆம் ஆண்டு இலங்கையில் ஆடவரும் மகளிரும் ஒருங்கே வாக்குரிமை பெற்றனர். அக்காலத்தே கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சியம்மை பாட்டெழுதியும் பாடியும் தோட்ட மக்களிடையே உரிமையுணர்வை வளர்த்தார். 1947இல் பதுளைத் தொகுதி இலங்கை இந்தியக் காங்கிரசின் எஸ். எம். சுப்பையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிற்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் அக்கதவை அடைத்தன. நாடற்ற நிலை முற்றும் நீங்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. இடையே, 1983 ஆடி வன்செயலில் பதுளை நகரும் எரிந்தது.

உள்நாட்டுப் போர் 2009இல் முடிந்தது. உள்ளூராட்சி மன்றங்களில் அதற்குமுன் நூற்றுக்கு இருவர் என்னும் அளவுகூட மகளிர் இருந்ததில்லை. நூற்றுக்கு 25 இடம் அவர்க்கென ஒதுக்கிய 2016ஆம் ஆண்டுச் சட்டம், 2018 தேர்தலில் முதன்முறை செயற்பட்டது. 2024 நவம்பரில் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பாராளுமன்றம் புகுந்தனர். மலையகத் தமிழ்ப் பெண்களுள் அவர்களே முதல்வர்.

இடம் கிடைத்தது, சொல் கிடைத்ததா? என்னிடம் இலக்கணம் பயின்ற ஒருத்தி இன்று பிரதேச சபை உறுப்பினர். "ஐயா, தாளில் இருப்பது சிங்களம். நான் பொருளறிந்து கை தூக்குமுன் தீர்மானம் நிறைவேறிவிடுகிறது" என்றாள். நாட்கூலிக்குக் கொழுந்தெடுக்கும் பெண் சபைக்கு வரின், அன்றைய சம்பளமும் போய்விடும். நாற்காலி ஒன்றை ஒதுக்கிய சட்டம், அதில் அமர்வதற்குரிய பொழுதையும் மொழியையும் ஒதுக்கவில்லை.

1987 முதல் தமிழும் ஆட்சிமொழி. ஆதலின், தமிழில் ஆவணம் கேட்டல் இரத்தல் அன்று. உரிமை கோரலே ஆகும். இதனை நம் மாணவியர்க்கு உணர்த்துதல் ஆசிரியர் கடமை. சிங்களத்தையும் அவர்கள் செவ்வனே கற்றல் வேண்டும். பள்ளி மன்றங்களில் வரவேற்புப் பாடலோடு அவர்களை நிறுத்தாது, தீர்மானம் முன்மொழியவும் மறுத்துரைக்கவும் பயிற்றுவோம். பதினைந்து வயதில் மறுத்துப் பேசிப் பழகியவள், முப்பதில் வாளா இராள்.